ஃப்ளோஐக்யூ 2200: குழாயின் ஓசையைக் கேட்கும் தண்ணீர் மீட்டர் எந்த ஊருக்குப் பொருந்தும்?

டென்மார்க்கின் காம்ஸ்ட்ரப் நிறுவனம் தயாரிக்கும் ஃப்ளோஐக்யூ 2200, வீட்டு இணைப்பில் மாட்டும் மீயொலி மீட்டர். தண்ணீரை அளப்பதோடு குழாய் வழியாக வந்து சேரும் ஓசையையும் பதிவு செய்து, அதை ஒரு எண்ணாக்கி ரேடியோ மூலம் அனுப்பிவிடும். தெருவெல்லாம் இதை மாட்டினால் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு காது வைத்ததுபோல என்று விற்பனையாளர்கள் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் நிபந்தனைகளும் உண்டு. குழாயில் 24 மணி நேரமும் அழுத்தம் இருந்து, தண்ணீர் நுழையும் இடத்தில் ஒரு மீட்டர் (நுழைவாயில் மீட்டர்) வைத்து மண்டலம் மண்டலமாகப் பிரிக்கப்பட்ட விநியோகம் உள்ள ஊர் என்றால் இதைத் தயங்காமல் வாங்கலாம். ஒருநாள் விட்டு ஒருநாள் இரண்டு மணி நேரம் தண்ணீர் திறக்கும் ஊரில், இதன் கசிவு காட்டும் திறனில் பெரும்பகுதி வேலையே செய்யாது.

இப்படி ஒரு கருவி டென்மார்க்கில் பிறந்ததற்குக் காரணம் இருக்கிறது. அந்நாட்டில் ஒரு குடிநீர் நிறுவனம் வெளியே அனுப்பும் நீரில் 10 சதவீதத்துக்கு மேல் கணக்கில் வராமல் போனால், மிஞ்சிய அளவுக்கு அந்த நிறுவனமே வரி கட்ட வேண்டும். 1990-களில் வந்த இந்த விதிக்குப் பிறகு பெரிய உடைப்புகளையெல்லாம் அடைத்து முடித்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது மண்ணுக்குள் மாதக்கணக்கில் ஒழுகும் சின்னக் கசிவு. அந்தச் சின்னக் கசிவைத் தேடத்தான் இந்த மீட்டர். நம் ஊர்க் கசிவுகளின் அளவே வேறு என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டும்.

முதலில் அளவிடும் வேலை. உள்ளே சுழலும் பாகம் எதுவும் கிடையாது. இரண்டு உணரிகள் எதிரெதிர்த் திசையில் மீயொலித் துடிப்பை அனுப்புகின்றன. நீரோட்டத்தோடு போகும் துடிப்பு சற்று முன்னதாகச் சேரும். எதிர்த்துப் போவது சற்றுத் தாமதமாகும். அந்த நேர வித்தியாசத்திலிருந்து நீரின் வேகத்தையும், வேகத்திலிருந்து அளவையும் கணக்கிடுகிறது. தேய்மானம் இல்லை. மண், துரு வந்து சக்கரத்தை மடக்கும் பிரச்சினை இல்லை. தண்ணீர் வருவதற்கு முன் குழாயிலிருந்து வெளியேறும் காற்று சக்கரத்தைச் சுழற்றி, வராத தண்ணீருக்குக் கட்டணம் போடும் கொடுமையும் இல்லை. இந்த ஒன்றுக்காகவே மீயொலி மீட்டரை வரவேற்கலாம்.

கசிவுக்கு இதைவிட முக்கியமானது குறைந்த ஓட்டத்தை அளக்கும் திறன். தண்ணீர் மீட்டர்களுக்கான நம் நாட்டுத் தரமான ஐஎஸ் 779-இல் பி வகுப்பு 15 மி.மீ. சக்கர மீட்டருக்குக் குறைந்தபட்ச ஓட்டம் மணிக்கு 30 லிட்டர். அதற்குக் கீழே துல்லியத்துக்கு உத்தரவாதம் கிடையாது. மீயொலி மீட்டர்களில் ஆர்400, ஆர்800 என்று ஓர் எண் இருக்கும். வழக்கமான உச்ச ஓட்டத்தை அந்த எண்ணால் வகுத்தால் குறைந்தபட்ச ஓட்டம் கிடைக்கும். மணிக்கு 2.5 கன மீட்டர் திறனுள்ள ஆர்400 மீட்டர் 6.25 லிட்டர் வரையும், ஆர்800 மீட்டர் 3.1 லிட்டர் வரையும் 5 சதவீதப் பிழைக்குள் அளக்க வேண்டும். கழிப்பறைத் தொட்டியின் வால்வு மணிக்கு 8 லிட்டர் ஒழுகினால் ஒரு நாளைக்கு 192 லிட்டர், மாதத்துக்கு ஐந்தே முக்கால் ஆயிரம் லிட்டர். சக்கர மீட்டர் இதைப் பெரும்பாலும் தவறவிடும், இது பிடிக்கும். வாங்கும்போது விளம்பரத் தாளில் உள்ள எண்ணை நம்பாமல், மீட்டர் முகப்பில் அச்சிட்டிருக்கும் ஆர் எண்ணையும், கிடைமட்டம், செங்குத்து என எந்த நிலைக்கு அது செல்லுபடியாகும் என்பதையும் பார்க்க வேண்டும்.

கசிவு மூன்று இடங்களில் நடக்கிறது: மீட்டருக்குப் பிறகு வீட்டுக்குள், தெருவில் ஓடும் முதன்மைக் குழாயான மெயினிலிருந்து மீட்டர் வரை வரும் வீட்டு இணைப்பில், மெயின் லைனிலேயே. இந்த மூன்றுக்கும் மீட்டர் மூன்று வெவ்வேறு வழிகளில் பதில் சொல்கிறது. மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதுதான் வாங்குகிறவர்கள் ஏமாறும் இடம்.

வீட்டுக்குள் நடக்கும் கசிவு

காம்ஸ்ட்ரப் மீட்டர்கள் இதற்கு இரண்டு எச்சரிக்கைக் குறிகளை அனுப்பும். கடந்த 24 மணி நேரத்தில் தொடர்ச்சியாக ஒரு மணி நேரமாவது நீரோட்டம் நிற்கவில்லை என்றால் ‘லீக்’. முன்கூட்டி அமைத்த அளவுக்கு மேல் அரை மணி நேரம் தொடர்ந்து ஓடினால் ‘பர்ஸ்ட்’. விதி எளிமையானது, நேர்மையானது. ஐரோப்பிய வீடுகளில் நன்றாக வேலை செய்கிறது. ஏனென்றால் அங்கே மெயின் அழுத்தம் நேராகக் குழாய்க்குப் போகிறது, இரவில் எல்லாரும் தூங்கும்போது ஓட்டம் நின்றுவிடும்.

நம் வீடுகளில் சம்ப் இருக்கிறது, மேல்நிலைத் தொட்டி இருக்கிறது, அதில் ஃப்ளோட் வால்வு இருக்கிறது. தொட்டி நிறையும் நேரத்தில் வால்வு மெல்ல மெல்ல மூடும். கடைசிக் கால் பங்கு சொட்டுச் சொட்டாக மணிக்கணக்கில் நிரம்பும். 24 மணி நேர விநியோகம் உள்ள பகுதியில் இத்தகைய வீட்டுக்கு ‘லீக்’ குறி திரும்பத் திரும்ப வரும், ஒரு சொட்டும் வீணாகாமலே. இதற்கு நேர்மாறாக, நாளுக்கு இரண்டு மணி நேரம் மட்டும் தண்ணீர் வரும் பகுதியில் மீதி 22 மணி நேரம் ஓட்டமே இல்லை. ஆகவே, ஒரு மணி நேர அமைதி தினமும் தானாகவே கிடைத்துவிடும். வீட்டு சம்ப் எவ்வளவு வழிந்தாலும் ‘லீக்’ குறி ஒருநாளும் வராது. அதேபோல மேல்நிலைத் தொட்டிக்குக் கீழே உள்ள குழாய் ஒழுகினால், மீட்டருக்கு அது வெறும் உபயோகமாகத்தான் தெரியும்.

வழி இருக்கிறது. தொட்டி உள்ள வீடுகளுக்குத் தொழிற்சாலை விதியை நம்பாமல், மணிவாரி அளவுகளைக் கொண்டு அலுவலகத்திலேயே வேறு விதி எழுதலாம். இரவு 1 முதல் 4 வரையிலான ஓட்டம் ஏழு நாளும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தால் கசிவு. ஒரு நாள் இருந்து, ஒரு நாள் இல்லாமல் இருந்தால் தொட்டி நிரம்புகிறது. ஃப்ளோட் வால்வின் ஓட்டம் நேரம் போகப் போகக் குறைந்துகொண்டே வரும். உடைந்த குழாயின் ஓட்டம் அழுத்தம் மாறாதவரை சமமாக இருக்கும். வரைபடத்தைப் பார்த்த உடனே வித்தியாசம் தெரியும்.

வீட்டு இணைப்பில் நடக்கும் கசிவு

இங்கேதான் ஓசை உதவுகிறது. அழுத்தத்தில் உள்ள நீர் சிறு துளை வழியாக வெளியேறும்போது குழாய்ச்சுவரிலும் நீரிலும் அதிர்வு உண்டாகிறது. மீட்டரின் மீயொலி உணரியே அந்த அதிர்வையும் கேட்கிறது. அதனால்தான் தனி மைக், தனிப் பேட்டரி எதுவும் தேவைப்படுவதில்லை. இந்த வடிவமைப்பு மனதாரப் பாராட்டத் தக்கது. நாளுக்கு ஒரு ஓசை மதிப்பு மற்றத் தகவல்களோடு சேர்ந்து வருகிறது.

அந்த மதிப்பை எப்படிப் படிப்பது? ஒரே நாளின் எண்ணைப் பார்த்து ஓடக் கூடாது. இரண்டு மூன்று வாரம் ஒவ்வொரு மீட்டருக்கும் இயல்பான ஓசை எவ்வளவு என்று சேர்க்க வேண்டும். சாலையோர வீடு, பம்பிங் ஸ்டேஷன் பக்கத்து வீடு, அழுத்தக் குறைப்பு வால்வுக்கு அருகில் உள்ள வீடு ஆகியவை எப்போதும் இரைச்சலாகத்தான் இருக்கும். தேட வேண்டியது திடீர் ஏற்றம்: நேற்று வரை அமைதியாக இருந்த மீட்டர் இன்றிலிருந்து உயர்ந்து, நான்கைந்து நாளாக இறங்கவில்லை, பக்கத்து வீட்டிலும் கொஞ்சம் உயர்ந்திருக்கிறது, அதற்கடுத்த வீட்டில் இன்னும் குறைவு. இந்த மூன்றும் சேர்ந்தால் ஆளை அனுப்பலாம்.

போகிறவர் செய்ய வேண்டிய முதல் வேலை, மீட்டருக்குப் பின்னால் உள்ள வீட்டு வால்வை மூடிவிட்டு மீண்டும் கேட்பது. ஓசை நின்றால் கசிவு வீட்டுக்குள். நிற்கவில்லை என்றால் வெளியே. கேட்கும் கம்பியை மீட்டரிலும், இரு பக்கத்து வீட்டு மீட்டர்களிலும், கிடைத்தால் தெரு வால்வுத் தண்டிலும் வைத்துப் பார்க்க வேண்டும். மிக உரக்கக் கேட்கும் இணைப்பில் ஃபெரூலையும் (மெயினிலிருந்து வீட்டுக்குத் தண்ணீர் எடுக்கும் இணைப்புத் துண்டு) சேடிலையும் (அதை மெயினோடு பிணைக்கும் பட்டை) முதலில் சந்தேகிக்கலாம். வீட்டு இணைப்புக் கசிவுகள் மண்டிக் கிடக்கும் இடம் அதுதான். சேடில் போல்ட் துருப்பிடித்து இறுக்கம் விடுவது, ஃபெரூல் இழையில் டேப் நழுவுவது, ரோடு போடும்போது ரோலர் ஏறிக் குழாய் முழங்கை விரிவது என்று காரணங்கள் பெரும்பாலும் இவைதாம்.

மெயினில் என்று தெரிந்தால் கோரிலேட்டர் தேவை. இரண்டு இடங்களில் உணரி வைத்து, ஓசை இரண்டுக்கும் வந்து சேரும் நேர வித்தியாசத்தைக் கொண்டு கசிவின் இடத்தைச் சொல்லும் கருவி அது. அதற்குக் குழாய் எந்தப் பொருள், எவ்வளவு நீளம் என்று சரியாகச் சொல்ல வேண்டும். வார்ப்பிரும்புக் குழாயில் ஓசை நொடிக்கு ஏறக்குறைய 1,250 மீட்டர் ஓடும். பிவிசியில் சுமார் 450. இரண்டு உணரிக்கும் இடையே 100 மீட்டர், நேர வித்தியாசம் 0.05 நொடி என்றால், வார்ப்பிரும்புக்கு, ஓசை முதலில் சேர்ந்த உணரியிலிருந்து 18.75 மீட்டர் தொலைவில் கசிவு என்று வரும். அதே அளவை பிவிசி என்று பதிந்தால் 38.75 மீட்டர். இருபது மீட்டர் தள்ளி ரோட்டைத் தோண்டுவோம். பழைய வார்ப்பிரும்பு லைனின் நடுவே எப்போதோ உடைப்பைச் சரிசெய்ய பிவிசித் துண்டு சேர்த்திருந்தால், அந்த விவரம் பதிவேட்டில் இல்லாவிட்டால், எந்த நவீனக் கருவியும் தவறான இடத்தைத்தான் காட்டும்.

பிளாஸ்டிக்கின் இன்னொரு குணத்தையும் சொல்ல வேண்டும். இரும்புக் குழாயில் கசிவோசை நெடுந்தூரம் போகும். பிவிசி, எச்டிபிஇ குழாய்கள் அதிர்வைத் தின்றுவிடும். கனத்த தாழ்ந்த ஓசை மட்டுமே கொஞ்ச தூரம் வரும். மெயினும் பிளாஸ்டிக், இணைப்பும் பிளாஸ்டிக் என்ற புதிய விரிவாக்கப் பகுதிகளில், மெயினில் உண்டாகும் கசிவை இந்த மீட்டர் கேட்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அங்கே இதன் காது தன் வீட்டு இணைப்புக்கும் அதை ஒட்டிய சிறு பகுதிக்கும்தான். அதுவே பெரிய உதவி. ஆனால் விலைப்புள்ளி கேட்கும்போது மொத்த வலையமைப்புக்கும் காது என்று எழுதிக்கொடுத்தால் கேள்வி கேளுங்கள்.

நேரம் வைத்துத் தண்ணீர் விடும் ஊரில் ஓசை வசதியும் படுத்துவிடும். கசிவோசையின் அடையாளமே அது இடைவிடாமல் இருப்பது. குழாய் திறப்பு, மோட்டார், லாரி ஆகியவற்றின் ஓசை வரும், போகும். கசிவு மட்டும் விடாது. இந்தத் தொடர்ச்சியை வைத்துத்தான் எந்தக் கருவியும் இரண்டையும் பிரிக்கிறது. 22 மணி நேரம் குழாய் காலியாக இருந்தால் கசிவும் 22 மணி நேரம் மௌனம். தண்ணீர் வரும் இரண்டு மணி நேரத்திலோ எல்லா வீட்டிலும் குழாய் திறந்திருக்கும், சில வீடுகளில் லைனிலேயே நேராக மோட்டார் போட்டு உறிஞ்சுவார்கள். அந்த இரைச்சலில் ஃபெரூல் கசிவைக் கேட்பது நடக்காத காரியம்.

மெயின் கசிவும் மண்டலக் கணக்கும்

பெரும் பணம் ஒழுகுவது இங்கே. இதற்கு ஓசையைவிட மணிவாரி அளவுதான் ஆயுதம். மண்டலத்துக்குள் எவ்வளவு போயிற்று, வீடுகளுக்கு எவ்வளவு சேர்ந்தது, மிச்சம் எங்கே என்ற கூட்டல் கழித்தல்தான் அது. எளிமையாகத் தெரிந்தாலும் கெட்டுப்போக வழிகள் பல.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 600 இணைப்பு, 2,400 பேர், 5 கிலோமீட்டர் மெயின், சராசரி 20 மீட்டர் அழுத்தம் (20 மீட்டர் உயரத் தண்ணீர் தரும் அழுத்தம்) உள்ள ஒரு மண்டலம். இரவு 2 முதல் 4 வரை நுழைவாயில் மீட்டர் மணிக்கு 9 கன மீட்டர் காட்டுகிறது. டிஜிட்டல் மீட்டர் இல்லாத காலத்தில் இரவு உபயோகத்தை ஊகித்தார்கள்: நூற்றுக்கு 6 பேர் அந்த நேரத்தில் எழுந்து கழிப்பறைக்குப் போவார்கள், தலைக்கு 10 லிட்டர் என்று. 2,400 பேருக்கு அது 1,440 லிட்டர். ஆக, கசிவு 7.56 கன மீட்டர் என்று முடிவு கட்டுவார்கள். இப்போது 600 வீட்டு மீட்டர்களின் அதே மணி நேர அளவுகளைக் கூட்டினால் 3.1 கன மீட்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்குள் ஒழுகுவதும் தொட்டி நிரம்புவதும் அதில் சேர்ந்துவிட்டன. மெயினிலும் இணைப்பிலும் ஒழுகுவது 5.9 கன மீட்டர்தான். ஊகத்தின் பிழை ஒன்றரைக் கன மீட்டருக்கு மேல். தெருவில் இல்லாத கசிவைத் தேடி ஆட்கள் இரவெல்லாம் அலைந்திருப்பார்கள்.

இந்த 5.9 அதிகமா, குறைவா? சர்வதேச நீர்ச் சங்கத்தின் சூத்திரம் ஒன்று உண்டு: மெயின் கிலோமீட்டருக்கு 18, இணைப்புக்கு 0.8, சொத்து எல்லைக்கு உள்ளே மீட்டர் வரை போகும் குழாயில் கிலோமீட்டருக்கு 25. இவற்றைக் கூட்டி, மீட்டர் கணக்கிலான அழுத்தத்தால் பெருக்கினால், எவ்வளவு நன்றாகப் பராமரித்தாலும் தவிர்க்க முடியாத கசிவு நாளுக்கு இத்தனை லிட்டர் என்று கிடைக்கும். நம் மண்டலத்தில் மீட்டர் எல்லையிலேயே இருப்பதால் 90 கூட்டல் 480; 570-ஐ 20-ஆல் பெருக்கினால் 11,400 லிட்டர். மணிக்கு அரைக் கன மீட்டருக்கும் குறைவு. நம் 5.9 அதைப்போல் பன்னிரண்டு மடங்கு. இரவின் அழுத்தமே பகலிலும் இருந்தால் நாளொன்றுக்கு 1,41,600 லிட்டர். ஆளுக்கு 135 லிட்டர் என்ற நம் நாட்டு நகர அளவில் ஆயிரம் பேருக்கு மேல் போதும். இந்த எண்ணைக் காட்டினால் தோண்ட அனுமதி தர எந்த அதிகாரியும் யோசிக்க மாட்டார்.

கணக்கு கெடும் இடங்களுக்கு வருவோம். முதலாவது, நுழைவாயில் மீட்டர். குழாய் 300 மி.மீ. என்பதால் 300 மி.மீ. மின்காந்த மீட்டர் வாங்கிவிடுகிறார்கள். இரவில் 9 கன மீட்டர் ஓடும்போது அதற்குள் நீரின் வேகம் நொடிக்கு மூன்றரை சென்டிமீட்டர். அந்த வேகத்தில் நல்ல மீட்டரும் தடுமாறும். 150 மி.மீ. மீட்டரில் அதே ஓட்டம் 14 சென்டிமீட்டர் வேகம். இரவு ஓட்டத்தைப் பார்த்து அளவைத் தேர்ந்தெடுத்து, குழாயைச் சுருக்கி மாட்ட வேண்டும். வீடுதோறும் விலையுயர்ந்த மீட்டர் மாட்டிவிட்டு, மண்டல நுழைவாயிலில் பிழையான மீட்டர் வைத்தால் எல்லாம் வீண்.

இரண்டாவது, மண்டல எல்லை. எல்லை வால்வுகள் மூடியிருப்பதாகத் தாளில் இருக்கும். பாதி மூடியிருக்கும், அல்லது உள்ளே இருக்கை தேய்ந்து தண்ணீர் கடந்துபோகும். இரவு 1 மணிக்கு மேல் நுழைவாயில் வால்வை மூடி, மண்டலத்துக்குள் மூன்று நான்கு இடங்களில் அழுத்தமானி வைத்துப் பார்க்க வேண்டும். அழுத்தம் சுழிக்கு இறங்க வேண்டும். இறங்காமல் நின்றால் எங்கிருந்தோ தண்ணீர் வருகிறது என்று அர்த்தம். இந்தச் சோதனையில் தேறாத மண்டலத்தின் கணக்கை ஒரு பொருட்டாக எடுக்கக் கூடாது.

மூன்றாவது, கடிகாரம். வீட்டு மீட்டரின் மணி நேரமும் நுழைவாயில் மீட்டரின் மணி நேரமும் ஒன்றாக இருக்க வேண்டும். காலை 6 மணியளவில் ஓட்டம் பன்மடங்கு ஏறும். அந்த நேரத்தில் பத்து நிமிட வித்தியாசமே பொய்க் கசிவைக் காட்டிவிடும். இரவுக் கணக்கில் இந்தப் பிழை குறைவு. அதனாலும் இரவே நல்லது.

நான்காவது, எந்த நுணுக்கத்தில் அளவு வருகிறது என்பது. சில அமைப்புகளில் ரேடியோவில் முழுக் கன மீட்டர் மட்டும் வரும்படி வைத்துவிடுவார்கள். பில் போட அது போதும். கசிவுக் கணக்குக்கு உதவாது. ஒரு வீட்டின் இரவு உபயோகமே மணிக்கு ஐந்து லிட்டர்தான். லிட்டர் நுணுக்கம், மணிவாரி மதிப்பு இரண்டையும் கேட்டு வாங்க வேண்டும்.

மிச்சம் எல்லாமே கசிவாகவும் இருக்காது. கசிவு அழுத்தத்தைத் தொடர்ந்து போகும்: இரவில் அழுத்தம் ஏறும்போது கூடும், பகலில் குறையும். திருட்டு இணைப்பு மனிதர்களின் நாளைத் தொடர்ந்து போகும்: காலையிலும் மாலையிலும் கூடி, இரவில் அடங்கும். 24 மணி நேரமும் மிச்சத்தை வரைந்து பார்த்தால் எது எவ்வளவு என்று ஓரளவு பிரித்துவிடலாம். முதல் வகைக்கு ஃபிட்டரை அனுப்பலாம். இரண்டாவது வகைக்கு இணைப்புப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போக வேண்டும்.

துளை சின்னதுதானே என்று விட்டுவிடக் கூடாது. 30 மீட்டர் அழுத்தத்தில் 3 மி.மீ. துளை மணிக்கு சுமார் 370 லிட்டர் விடும். நாளுக்கு எண்ணாயிரத்துக்கு மேல். தோண்டுவதற்கு முன் செய்யக்கூடிய மலிவான காரியம், இரவில் அழுத்தத்தைக் குறைப்பது. பல வகைக் குழாய் கலந்த மண்டலத்தில் கசிவு ஏறக்குறைய அழுத்தத்தின் விகிதத்திலேயே குறையும். 30 மீட்டரை 20 ஆக்கினால் கசிவு மூன்றில் ஒரு பங்கு குறையும். இந்தக் குறைவை மறுநாளே கணக்கில் காட்டிவிடுவது டிஜிட்டல் மீட்டரின் மறைமுகமான பெரிய பலன்.

மாட்டும்போது

இணைப்பை நன்றாகக் கழுவிவிட்ட பிறகே மாட்ட வேண்டும். ரெடியூசர், ஜி.ஐ. நிப்பிள் இவற்றில் சுற்றிய டேப்பின் பிசிறு உள்ளே போய் மீயொலியின் பாதையில் நின்றால் அளவு தாறுமாறாகும். காற்று தங்காத இடம் வேண்டும். குழாய் வளைந்து ஏறும் உச்சியில் மாட்டக் கூடாது. காற்று நிரம்பினால் மீட்டர் ‘டிரை’ என்று காட்டி, அளப்பதை நிறுத்திவிடும். நேரம் வைத்துத் தண்ணீர் விடும் ஊரில் தினமும் இந்தக் குறி வரும். மேலும் காற்றும் நீரும் கலந்து பாயும் தொடக்க நேரத்தின் அளவு நிச்சயமில்லாதது. மீட்டரைக் குழாய் மட்டத்துக்குச் சற்றுத் தாழ்வாக, எப்போதும் நீர் நிற்கும்படி யு வடிவில் மாட்டினால் ஓரளவு சரியாகும்.

உடல் நீளத்தையும் முதலிலேயே பார்க்க வேண்டும். 15 மி.மீ. இணைப்புக்குப் பரவலாக வரும் உடல் 110 மி.மீ. நீளம். பழைய சக்கர மீட்டரை எடுத்த இடைவெளி அதைவிட நீளமாக இருந்தால் நீட்டிப்புத் துண்டு வேண்டும். ஒவ்வொரு துண்டும் இரண்டு புதிய மூட்டு, இரண்டு புதிய கசிவு வாய்ப்பு. இடைவெளிக்கு ஏற்ற நீளத்தையே ஆர்டர் செய்வது நல்லது. உடல் உலோகமல்லாத கலவை என்பதால் பைப் ரெஞ்சில் முழுபலம் போட்டு முறுக்கக் கூடாது. வாஷர் உட்காரும்வரை கையால், பிறகு கால் சுற்று. மாட்டியபின் ஒரு லிட்டராவது தண்ணீர் ஓட விட்டால்தான் அனுப்பிவைக்கும்போது அணைத்து வைத்திருக்கும் ரேடியோ விழித்துக்கொள்ளும். இதைச் செய்யாமல் போய்விட்டு மீட்டர் பழுது என்று புகார் எழுதுவது வழக்கமாக நடக்கிறது.

உப்பு, சுண்ணாம்பு மிகுந்த தண்ணீர் என்றால் பிரதிபலிக்கும் பரப்பில் படிவு சேரும். நூற்றில் இரண்டு மீட்டரையாவது ஆண்டுதோறும் கழற்றி மேசையில் சோதிப்பது அவசியம். நீர் புகாமைக்கான ஐபி68 பாதுகாப்பு இருப்பதால் மழைநீர் நிற்கும் குழியிலும் மீட்டர் பிழைக்கும். ஆனால் ரேடியோ பிழைக்காது. நீரும் வார்ப்பிரும்பு மூடியும் அலையைத் தின்னும். மூடியை மாற்றுவது அல்லது வெளி ஆன்டெனா போடுவது என்ற செலவை மதிப்பீட்டிலேயே சேர்க்க வேண்டும்.

இதையே வாங்கலாமா, வேறா?

சென்சஸ் நிறுவனத்தின் ஐபெர்ல் மின்காந்த முறையில் அளக்கிறது. குறைந்த ஓட்டத்தில் அதுவும் வல்லது. டீல் நிறுவனத்தின் ஹைட்ரஸ் மீயொலி வகை. மண்டலக் கணக்குக்கு இவையெல்லாம் ஏறக்குறைய சமம். வித்தியாசம் ஓசையில்தான். உங்கள் இணைப்புகள் பழைய ஜி.ஐ., மெயின் வார்ப்பிரும்பு, விநியோகம் 24 மணி நேரம் என்றால் ஃப்ளோஐக்யூவுக்குக் கூடுதல் விலை கொடுப்பது நியாயம். முழுப் பிளாஸ்டிக் வலையமைப்பு என்றால் ஓசை இல்லாத நல்ல மீயொலி மீட்டரை வீடுகளுக்கு வாங்கி, மிச்சமாகும் பணத்தில் மெயின் வால்வுகளில் மாட்டும் ஓசைப்பதிவிகள் வாங்கலாம். நேரம் வைத்து விநியோகிக்கும் ஊரில் முதல் செலவு மீட்டருக்கே அல்ல. மண்டலம் பிரிப்பதற்கும், ஒரு மண்டலத்திலாவது 24 மணி நேர அழுத்தம் கொண்டுவருவதற்கும்தான். ஒடிசாவின் பூரி 2021-இல் 24 மணி நேரக் குடிநீருக்கு மாறியது. கோயம்புத்தூரில் அதே இலக்கோடு சூயஸ் நிறுவனத்துடன் 2018-இல் 26 ஆண்டு ஒப்பந்தம் போட்டார்கள். இப்படி மாறும் பகுதிகளில்தான் மேலே சொன்ன வசதிகள் முழுமையாகப் பலன் தரும். சிங்கப்பூரின் தேசிய நீர் நிறுவனம் முதல் கட்டமாக 3 லட்சம் ஸ்மார்ட் மீட்டர்களைத் திட்டமிட்டபோது, அங்கே நாள் முழுக்க அழுத்தமும் கட்டுப்படுத்தப்பட்ட வலையமைப்பும் ஏற்கெனவே இருந்தன.

பேட்டரி ஆயுள் 16 ஆண்டு வரை என்பது உற்பத்தியாளர் கணக்கு. அடிக்கடி அனுப்பச் சொன்னால் குறையும். உள்ளே மூடி வைக்கப்பட்டது, மாற்ற முடியாது. ஆகவே ஒப்பந்தத்தில் அனுப்பும் இடைவெளியைக் குறிப்பிட்டு, அந்த இடைவெளிக்கு உத்தரவாத ஆண்டுகளை எழுதி வாங்க வேண்டும். ஒவ்வொரு மீட்டரின் தகவலும் தனி டிஜிட்டல் சாவியால் பூட்டப்பட்டு வருகிறது. வீடு காலியாக இருக்கும் நேரம் முதற்கொண்டு மணிவாரி அளவில் தெரிந்துவிடும் என்பதால் பூட்டு அவசியம். அந்தச் சாவிக் கோப்பு விற்பனையாளரிடம் மட்டும் இருந்தால், நாளை வேறு மென்பொருளுக்கு மாற வழியில்லாமல் போகும். மீட்டர் வந்து இறங்கும் அன்றே சாவிகள் நகராட்சியின் கைக்கு வர வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஐரோப்பிய மாடலின் 868 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை நம் நாட்டில் உரிமமின்றிப் பயன்படுத்தும் 865 மெகாஹெர்ட்ஸ் பட்டைக்கு மாற்றப்பட்டிருக்கிறதா என்பதையும் சான்றிதழோடு பார்க்க வேண்டும்.

பணத்தை விடுவிக்கும் முன் ஒரு சோதனை. மண்டலத்தில் ஒரு வாஷ்அவுட் வால்வில் (குழாயைக் கழுவி நீரை வெளியேற்றும் வால்வு) சிறு மீட்டர் பொருத்தி, இரவு 1 முதல் 5 வரை மணிக்கு 500 லிட்டர் திறந்துவிடுங்கள். எங்கே, எந்த நாள் என்று விற்பனையாளருக்குச் சொல்லாதீர்கள். மறுநாள் காலை அவர்களுடைய திரையில் அந்த நேரத்துக்கு அந்த மண்டலத்தின் மிச்சம் மணிக்கு 500 லிட்டர் கூடியிருக்க வேண்டும். அடுத்த வாரம் ஒரு வீட்டு இணைப்பில், மீட்டருக்கு முன்னால், 2 மி.மீ. துளையிட்ட மூடியை மாட்டி, அந்த நீரை ஓடைக்கு விட்டு ஐந்து நாள் அப்படியே வையுங்கள். அந்த வீட்டு எண் ஓசைப் பட்டியலின் மேற்பகுதியில் வந்தால் மீதிப் பணத்தைக் கொடுங்கள்.